தூண்டில் போடுமுன் குளத்தைப் பாருங்கள்: மட்டக்களப்பு, அம்பாறைக் குளங்களுக்குப் புதிதாய் வருவோருக்கு

உன்னிச்சைக் குளக்கட்டில் நான் முதன்முதலாகத் தூண்டிலோடு போய் நின்ற காலையில், தோணியைக் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மனே, துருசு திறந்திருக்கா எண்டு பார்த்தியா?"

இரை என்ன, முள் என்ன என்று கேட்பார் என்று நினைத்திருந்தேன். துருசு என்பது குளத்தில் இருந்து வயலுக்குத் தண்ணீர் விடும் மதகு. அவர் கேட்டது தண்ணீரைப் பற்றி. அன்று எனக்கு அது புரியவில்லை. மூன்று மணித்தியாலம் இருந்து, விரல் நீளத்தில் ஒரு கெண்டையோடு வீடு திரும்பினேன். நம்முடைய குளங்கள் வேளாண்மைக்காகக் கட்டப்பட்டவை. எப்போது தண்ணீர் ஏறும், எப்போது இறங்கும் என்பதை வட்டை என்று நாம் சொல்லும் வயல்வெளியும் போகமும் தீர்மானிக்கின்றன. மீன் அந்தத் தண்ணீரின் பின்னால் போகிறது. இது பிடிபட்ட பிறகுதான் எனக்கு மீன் பிடிபடத் தொடங்கியது. ஆகவே சாமான் வாங்குவதற்கு முன், அங்கேயிருந்தே தொடங்குவோம்.

தண்ணீர் எங்கே நிற்கிறது

நம் பக்கத்தில் வாடைக் காற்றோடு வரும் மழை நவம்பர் தொடக்கம் ஜனவரி, பெப்ரவரி வரை குளங்களை நிரப்பும். உன்னிச்சை, உறுகாமம், வாகனேரி, நவகிரி எல்லாம் அப்போது தளும்பி நிற்கும், சில ஆண்டுகளில் மிஞ்சிய தண்ணீர் வழிந்து வான் பாயும். பார்க்க அழகுதான். ஆனால் கரையில் இருந்து தூண்டில் போடப் புதிதாய் வருபவருக்கு இது மோசமான காலம். தண்ணீர் அலைகரைப் பற்றைகளுக்குள் ஏறிவிடும், மீன் அந்தப் பற்றைகளுக்குள் பரந்துவிடும், கலங்கல் தண்ணீரில் இரையை அது காணாது. போடும் முள்ளெல்லாம் பற்றையில் மாட்டும்.

வான் பாயும் இடத்துக்குக் கீழே மீன் திரளும் என்று சொல்லி உங்களை யாராவது கூப்பிடுவார்கள். மீன் திரள்வது உண்மை. அந்தப் பாசி பிடித்த சீமெந்துத் தளத்தில் கால் வைக்காதீர்கள். முழங்கால் அளவுத் தண்ணீர்கூட அங்கே ஆளைப் புரட்டிக்கொண்டு போகும். நீச்சல் தெரிந்தவர்களும் போயிருக்கிறார்கள்.

சித்திரைக்குப் பிறகு சிறுபோகத்துக்குத் துருசு திறப்பார்கள். அப்போதுதான் குளம் மெல்ல மெல்ல இறங்கத் தொடங்கும். ஜூன் கடைசியில் இருந்து செப்டம்பர் வரை உங்கள் காலம். தண்ணீர் பற்றையை விட்டு வெளியே வந்துவிடும், கரை தெளியும், மீன் பழைய ஆற்றுப் பள்ளங்களிலும் கட்டின் அடியிலும் ஒதுங்கும். முதல் தடவை போகிறவர் ஒரு ஜூலை மாதக் காலையைத் தெரிவு செய்யுங்கள்.

காற்றையும் சேர்த்துப் பாருங்கள். இந்த மாதங்களில் கச்சான் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். நம் ஆறுகள் மேற்கிலிருந்து கிழக்காகக் கடலை நோக்கி ஓடுவதால், பெரும்பாலான குளங்களில் கட்டு கிழக்குப் பக்கமாக இருக்கும். அதனால் கச்சான் அடிக்கும்போது மிதக்கும் பாசி, பூச்சி, விதை எல்லாம் கட்டுப் பக்கம் வந்து ஒதுங்கும், அதைத் தின்ன மீனும் வரும். ஆனால் ஒன்பது, பத்து மணிக்கு மேல் காற்று வலுத்தால் அலையில் மிதப்பு ஆடுவதற்கும் மீன் கொத்துவதற்கும் வித்தியாசம் தெரியாது. விடிய ஐந்தரைக்குக் குளக்கட்டில் இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, அந்தப் பெரியவர் கேட்ட கேள்விக்கு வருவோம். துருசு திறந்திருந்தால் தண்ணீர் அந்தப் பக்கமாக மெல்ல இழுபடும். மீன் அந்த இழுவையில் தலையை எதிர்த்து வைத்துக்கொண்டு, வரும் இரைக்குக் காத்திருக்கும். துருசுக்கு நேர் மேலே நின்று போடாதீர்கள், தூண்டில் உள்ளே போய்ச் சிக்கும், அது நீர்ப்பாசனத் திணைக்களத்தாரின் இடமும்கூட. முப்பது, நாற்பது அடி தள்ளி, இழுவை தெரிகிற விளிம்பில் போடுங்கள். துருசு பூட்டியிருந்தால் அந்த இடத்தில் நிற்பதில் பயனில்லை. தாமரை, ஆம்பல் படர்ந்த ஓரத்துக்குப் போங்கள்.

கேட்காமல் போடாதீர்கள்

குளத்து மீன் சும்மா வந்ததென்று நகரத்தில் இருந்து வருகிறவர்கள் நினைக்கிறார்கள். கட்லா, ரோகு, மிரிகால் போன்ற இந்தியக் கெண்டைகள் ஓடும் ஆற்றில்தான் இனம்பெருக்கும், நின்ற குளத்தில் பெருக்காது. குளத்தில் அவை இருக்கின்றன என்றால் யாரோ குஞ்சு கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். நெக்டா என்று நாம் சொல்லும் தேசிய நீருயிர் வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையும், குளத்தை நம்பி வாழும் நன்னீர் மீனவர் சங்கங்களும் அந்த வேலையைச் செய்கின்றன. உங்கள் முள்ளில் மாட்டும் இரண்டு கிலோ ரோகு ஒருவருடைய வீட்டு அடுப்புக்குப் போக வேண்டியது என்பதை மனதில் வையுங்கள்.

அதனால் முதல் வேலை, கரையில் தோணி ஏற்றும் இடத்துக்குப் போய்ச் சங்கத்து ஆள் ஒருவரைக் கண்டு பேசுவது. "அண்ணன், வீட்டுக் கறிக்கு ஒரு தூண்டில் போடலாமா, எந்தப் பக்கம் போட்டால் உங்கட வலைக்கு இடைஞ்சல் இல்லை?" என்று கேட்டால் போதும். இறக்காமத்தில் "காக்கா" என்று தொடங்குங்கள். இங்கினியாகலைப் பக்கம் போனால் சிங்களத்தில் நாலு வார்த்தை தெரிந்திருப்பது நல்லது. இப்படிக் கேட்டு எனக்கு ஒருநாளும் முகம் சுளித்த பதில் வந்ததில்லை. இடத்தைக் காட்டி, இரையும் தந்து விட்டிருக்கிறார்கள். அனுமதிப்பத்திரம் வேண்டுமா என்பதையும் அங்கேயே கேளுங்கள். வலை போடுவதென்றால் கட்டாயம் வேண்டும். கண் விரித்த அளவில் 8.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்த செவுள் வலைக்குத் தடை உண்டு. வெடி, நஞ்சு இரண்டும் குற்றம். புதிதாய் வருகிறவருக்கு வலையே வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு தடியோடு தொடங்குங்கள்.

சேனநாயக்க சமுத்திரத்துக்குப் போக நினைப்பவர்களுக்கு ஒரு சொல். 1949இல் கல்லோயாத் திட்டத்தில் கட்டத் தொடங்கிய அந்த நீர்த்தேக்கத்தைச் சுற்றி, 1954இல் அறிவிக்கப்பட்ட கல்லோயா தேசிய வனம் இருக்கிறது. அங்கே நினைத்த கரையில் இறங்க முடியாது. முதல் வருடம் சின்னக் குளங்களில் பழகுங்கள்.

சாமான்

அதிகம் வேண்டாம். பத்து, பன்னிரண்டு அடி மூங்கில் தடி, நுனி மெலிந்து வளையக்கூடியதாக. வெட்டிய மூங்கிலை நிழலில் இரண்டு கிழமை காயவிட்டு எடுத்தால் பாரம் குறையும். றீல் வைத்த தடி பிறகு வாங்கலாம்.

தங்கூசி, அதாவது நைலோன் தூண்டில் நூல், 0.25 அல்லது 0.30 மில்லிமீற்றர். தடியின் நீளத்துக்கு ஒரு முழம் கூட. முள் பத்தாம் நம்பர் திலாப்பியாவுக்கு. நம்பர் கூடக் கூட முள் சிறிதாகும், கடையில் இதை மறந்து மாறி வாங்கிவிடுவார்கள். ஓர் அரிசி மணியை விடக் கொஞ்சம் பெரிய ஈயம். மிதப்புக்கு மயிலிறகுத் தண்டு கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை, இல்லாவிட்டால் சுண்டு விரல் அளவு ரெஜிபோம் (பொதி கட்டும் வெள்ளை நுரை) துண்டு. ஒரு குறடு, ஒரு பழைய துணி, ஒரு வாளி, தொப்பி, குடிதண்ணீர்.

முள் கட்டுவதில்தான் பலரும் மீனை இழக்கிறார்கள். தங்கூசியை முள்ளின் கண்ணுக்குள்ளால் கோர்த்து ஐந்து விரல் நீளம் வெளியே எடுங்கள். அந்த வாலை மேல் நூலோடு ஐந்து தடவை முறுக்குங்கள். முறுக்கியபின், முள்ளின் கண்ணுக்கு ஒட்டினாற்போல் ஒரு சின்ன வளையம் தெரியும். வாலை அந்த வளையத்துக்குள்ளால் விடுங்கள். அப்படி விட்டதும் மேலே இன்னொரு பெரிய வளையம் உண்டாகும், அதற்குள்ளாலும் விடுங்கள். இப்போது முடிச்சை வாயில் வைத்து எச்சில் படுத்தி, மெதுவாக இழுத்து இறுக்குங்கள். காய்ந்தபடி இறுக்கினால் தங்கூசி உரசிச் சூடேறி அந்த இடத்தில் வலு விட்டுவிடும். ஒரு ஆணியில் முள்ளை மாட்டி இழுத்துப் பாருங்கள். வீட்டில் பத்துத் தடவை கட்டிப் பழகிவிட்டு வந்தால், குளக்கட்டில் கை நடுங்காது.

முதல் மீன் திலாப்பியாவாக இருக்கட்டும்

ஆபிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட, 1950களின் தொடக்கத்தில் நம் குளங்களில் விட்ட மீன் இது. எங்கிருந்தோ அதற்கு யப்பான் மீன் என்ற பேரும் ஒட்டிக்கொண்டது. இன்று குளங்களில் அதிகம் பிடிபடுவதும் இதுதான், ஏழை வீட்டுச் சட்டியை நிரப்புவதும் இதுதான்.

இரைக்கு முதல்நாள் பாண் போதும். நடுப்பகுதியைப் பிய்த்து, கொஞ்சம் தண்ணீர் தொட்டு, கோதுமை மா ஒரு சிட்டிகை சேர்த்துப் பிசையுங்கள். காது மடல் போல மெத்தென்று இருக்க வேண்டும், விரலில் ஒட்டக்கூடாது. பயறு அளவு உருண்டை, முள்ளின் நுனி மட்டும் மூடும்படி. மண்புழுவும் நல்ல இரைதான், ஆனால் புழுவைச் சிறு கெண்டைகள் விடாது. போடுவதற்குப் பத்து நிமிடம் முன், தவிடும் தேங்காய்ப் பிண்ணாக்கும் பிசைந்த இரண்டு உருண்டையை நீங்கள் போடப்போகும் இடத்தில் எறியுங்கள். ஒரே இடத்தில் எறியுங்கள், பரப்பாதீர்கள்.

ஆழம் எவ்வளவு என்று பார்க்க, ஈயத்தை அடியில் தொடவிட்டு மிதப்பை நகர்த்துங்கள். இரை தரைக்கு ஒரு சாண் மேலே தொங்கட்டும். பிறகு உட்காருங்கள். உங்கள் நிழல் தண்ணீரில் விழக்கூடாது. காலையில் கிழக்குக் கட்டில் இருந்தால் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும், நிழல் நேரே தண்ணீரில் போய் விழும். கட்டின் சரிவில் ஒரு படி இறங்கிக் குந்தினால் அது குறையும்.

இப்போது மிதப்பைப் பாருங்கள். முதலில் மிதப்பைச் சுற்றிச் சின்ன வளையங்கள் வரும், மிதப்பு அசையாது. அது மீன் இரையை மூக்கால் தொடுவது. அப்புறம் மிதப்பு இரண்டு மூன்று தடவை தலையாட்டும். புதிதாய் வந்தவர் இந்த இடத்தில்தான் இழுத்துவிடுவார், வெறும் முள் மேலே வரும். கை துடிக்கும், பொறுங்கள். தலையாட்டம் நின்று, ஒரு மூச்சு விடும் நேரம் ஒன்றும் நடக்காது. அதன்பின் மிதப்பு சரிந்து படுத்து ஒரு பக்கமாக நடக்கத் தொடங்கும். அப்போது மணிக்கட்டை மட்டும் திருப்பித் தடியின் நுனியைத் தூக்குங்கள். தோளால் இழுக்க வேண்டாம், திலாப்பியாவின் உதடு கிழிந்து போய்விடும்.

பெண் திலாப்பியா முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காக்கும். கரைக்கு எடுத்த மீனின் வாயில் இருந்து மஞ்சள் முட்டைகளோ கண் மட்டும் தெரியும் குஞ்சுகளோ சிந்தினால், முள்ளை மெதுவாக எடுத்து அதை உடனே தண்ணீரில் விட்டுவிடுங்கள். உள்ளங்கையை விடச் சிறியதையும் விடுங்கள்.

விரால், அதன்பின் முள் உள்ளவை

விரால் பிடிப்பதற்கு வேறு ஒரு பொறுமை வேண்டும். அது செவுளால் மட்டும் வாழும் மீன் இல்லை, இடைக்கிடை மேலே வந்து காற்றையும் குடிக்கும். ஆம்பல் இலைகளுக்கு நடுவே "ளபக்" என்று ஒரு சத்தம் கேட்டு, தண்ணீரில் ஒரு குமிழ் உடைந்தால், அங்கே விரால் நிற்கிறது. இடத்தைக் கண்ணால் குறித்துக்கொள்ளுங்கள். தடித்த தங்கூசி, பெரிய முள், சிறு தவளை அல்லது கெண்டைக் குஞ்சு. இலைகளுக்கு மேலால் மெல்ல மெல்ல இழுத்து, இடைவெளி வரும் இடத்தில் நிறுத்துங்கள். அடித்தால் உடனே இழுக்காமல், அது இரையை விழுங்க மூன்று எண்ணிக்கை கொடுங்கள்.

மழைக் காலம் தொடங்கும்போது ஓரத் தண்ணீரில் செம்மஞ்சள் நிறத்தில், ஒரு தட்டு அளவில் குஞ்சுக் கூட்டம் ஒன்று சேர்ந்து புரள்வதைக் காண்பீர்கள். அதன் கீழே தாயும் தகப்பனும் காவலுக்கு நிற்கும். அந்த நேரம் அவை எதைப் போட்டாலும் கோபத்தில் பாய்ந்து அடிக்கும், பிடிப்பது மிகச் சுலபம். பிடிக்காதீர்கள். பெரிய விரால் போனால், சற்று நேரத்தில் மற்ற மீன்கள் வந்து அந்தக் குஞ்சுக் கூட்டத்தைத் தின்று முடித்துவிடும். நான் இதை ஒருமுறை கண்ணால் பார்த்தேன். என்னோடு வந்தவர் விராலைத் தூக்கிய இடத்தில் கால் மணித்தியாலத்துக்குள் தண்ணீர் வெறுமையாகிவிட்டது.

புழு இரைக்குச் சில நேரம் சுங்கான் வரும், கெளிறும் வரும். சுங்கான் பார்க்க ஒல்லியாய், கறுப்பாய், மீசையோடு இருக்கும். அதன் பக்கச் செட்டை முள்ளில் நஞ்சு உண்டு. இரண்டாவது வருடம் ஒரு மாலை, துணி எடுக்கச் சோம்பல்பட்டு வெறுங்கையால் பிடித்தேன். பெருவிரலில் குத்தியது. தோள் வரை நெருப்பு வைத்தது போல இருந்தது, அன்றிரவு தூக்கமில்லை. துணியால் தலையை அழுத்திப் பிடித்து, குறட்டால் தூண்டில் முள்ளை எடுங்கள். குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில் கையை அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல் வைத்திருங்கள். சூட்டில் அந்த நஞ்சின் வலு குறையும். கை மரத்திருக்கும், ஆகவே சூட்டை மற்றக் கையால் பார்த்துக்கொள்ளுங்கள். வீக்கம் ஏறினால், மூச்சு முட்டினால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

யானையும் முதலையும்

உறுகாமம், உன்னிச்சை, நவகிரிப் பக்கம் பின்னேரம் யானை தண்ணீருக்கு வரும். மீன் நன்றாகக் கொத்தும் நேரமும் அந்த நேரம்தான். இதில் பேரம் பேச முடியாது. ஐந்து மணிக்குத் தடியைச் சுருட்டுங்கள். மோட்டார் சைக்கிளை வீதி பார்த்து நிறுத்தி வையுங்கள். புதிய லத்தி கண்டால், கிளை முறியும் சத்தம் கேட்டால், சாமானை எண்ணிக்கொண்டு நிற்க வேண்டாம். தனியே போகாதீர்கள், எந்தக் குளம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

முதலை இல்லாத பெரிய குளம் நம் பக்கத்தில் இல்லை என்றே எண்ணி நடவுங்கள். சேற்றுக் கரையில் வயிறு இழுத்த வழுக்குத் தடம் தெரிந்தால் அந்த இடத்தை விட்டு விலகுங்கள். மாட்டிய முள்ளை எடுக்கத் தண்ணீருக்குள் இறங்க வேண்டாம், நூலை அறுத்துவிடுங்கள். பிடித்த மீனைத் தண்ணீர் ஓரத்தில் கட்டிப் போடுவதும், அங்கேயே இருந்து வெட்டிக் கழுவுவதும் முதலையைக் கூப்பிடும் வேலை. மட்டக்களப்பு நகரத்துக்குக் குடிதண்ணீர் போவதும் உன்னிச்சையில் இருந்துதான். குடலைக் குளத்தில் எறியாமல் இருக்க இதுவே போதிய காரணம்.

அறுந்த தங்கூசியைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். அலைகரையில் மேயும் மாட்டின் காலிலும், நீர்க்காகத்தின் சிறகிலும் அது சுற்றிக்கொள்ளும். இடி முழங்கினால் உயரமான குளக்கட்டில் தடியோடு நிற்காதீர்கள், சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரத்தில் இது அடிக்கடி வரும்.

வீட்டுக்கு வந்தபின்

குளத்து மீன் சேறு மணக்கிறது என்று சிலர் ஒதுக்குகிறார்கள். தண்ணீரில் வளரும் நீலப்பச்சைப் பாசியும் சில கிருமிகளும் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளால் வரும் மணம் அது. புளிப்புப் பட்டால் அது உடைந்துவிடும். திலாப்பியாவின் செதிலை உரித்து, செவுளையும் வயிற்றுக்குள் ஒட்டியிருக்கும் கறுப்புத் தோலையும் சுத்தமாக எடுத்து, உப்பும் தேசிக்காய்ப் புளியும் போட்டுப் பிரட்டிப் பத்து நிமிடம் வைத்துக் கழுவுங்கள். விராலுக்கு வழுவழுப்பு அதிகம், அடுப்புச் சாம்பல் தொட்டுத் தேய்த்தால்தான் கத்திக்கு அடங்கும். எங்கள் வீட்டில் திலாப்பியாவை மஞ்சளும் மிளகாய்த்தூளும் போட்டுப் பொரித்து, மிச்சத்தைக் கொறுக்காய்ப்புளி விட்டு மண்சட்டியில் வைப்பார்கள். விரால் கிடைத்த நாளில் பச்சை மிளகாய் கீறிப் போட்ட பால் சொதிதான்.

கூடுதலாக மீன் கிடைத்தால், இடம் காட்டிய ஆளின் வீட்டுப் படலையில் இரண்டைக் கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்த ஞாயிறு போகும்போது துருசு எப்போது திறந்தார்கள் என்பதை அவரே உங்களுக்குச் சொல்வார்.